ஸ்லீவா, பைபாஸா? நாங்கள் கேட்க மறந்த கேள்வி

உடல் எடையைக் குறைக்க அக்காவுக்கு 2021இல் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் அடுத்த வருடம் அதே காரணத்துக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டார். பைபாஸ் என்றதும் ஆபீஸில் பாதிப் பேர் இதயக் கோளாறு என்று நினைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனார்கள், அது தனிக் கதை.

அக்காவுக்கு முடிவெடுக்கும்போது நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை கிலோ குறையும், எது சின்ன ஆபரேஷன்? அவளுக்கு வருடக்கணக்காக இருந்த நெஞ்செரிச்சலைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய்தான். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போவதால் பசியும் அடங்குகிறது. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட வழியில்லை. பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதில் இணைக்கிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமலே கீழே இறங்கிவிடும். இரண்டும் சின்னத் துளைகள் போட்டுச் செய்வதுதான்.

இனி கிலோ கணக்கு. பின்லாந்தில் 240 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாகப் பிரித்து 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்லீவில் அதிகப்படி எடையில் 43.5 சதவீதமும் பைபாஸில் 50.7 சதவீதமும் குறைந்திருந்தன. இந்த ‘அதிகப்படி’ என்ற சொல்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 165 செ.மீ. உயரம், 110 கிலோ என்று வையுங்கள். இந்தக் கணக்கில் 68 கிலோ சரியான எடை, அதற்கு மேலே இருக்கும் 42 கிலோதான் அதிகப்படி. அதில் 43.5 சதவீதம் என்றால் 18 கிலோ, 50.7 என்றால் 21. பத்து வருடம் கழித்து வித்தியாசம் வெறும் 3 கிலோ! முதல் ஒன்றிரண்டு வருடத்தில் இதைவிட நிறையவே குறையும். அப்புறம் கொஞ்சம் திரும்பி வரும்.

அதே ஆய்வில் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். ஒடுங்கிய குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. பைபாஸின் சின்னப் பையில் அமிலம் சுரப்பதே குறைவு. என்னைக் கேட்டால், ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் போதும்.

ஆரம்ப வாரங்கள் இருவருக்கும் ஒன்றுதான். தெளிந்த நீராகாரம், பிறகு கூழ், பிறகு குழைவானது. முதல் இட்லியை அக்கா சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. பாதி இட்லிக்கு இருபத்தைந்து நிமிடம். பழக்கதோஷத்தில் நடுவே இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள், வந்தது வெறும் நுரை. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதித்தான் இருந்தது. மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்துவிட்டது.

நண்பரின் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு கல்யாணப் பந்தியில் ஆசைக்குக் கால் டம்ளர் பாயசம் குடித்தார். பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டி, படபடத்து, மண்டபத்து அறையில் போய்ப் படுத்துவிட்டார். சர்க்கரை நேராகக் குடலுக்குள் கொட்டுவதால் வருவது இது; டம்பிங் என்பார்கள். ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர், ஆபரேஷன் முடிந்து எடை குறைவதற்கு முன்பே ஊசியை நிறுத்தினார். சர்க்கரை நோய்க்குப் பொதுவாகப் பைபாஸின் கையே ஓங்கியிருக்கிறது.

அதற்கு விலையும் உண்டு. இரும்பு, கால்சியம், பி12 சரியாக உறிஞ்சப்படாது. ஆயுள் முழுக்க மாத்திரை, வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. ஸ்லீவுக்கும் மாத்திரை உண்டு, ஆனால் தவறவிட்டால் பைபாஸ்காரருக்குத்தான் சீக்கிரம் அடி விழும். புகைப்பவர்களுக்கும், மூட்டுவலிக்கு வலி மாத்திரையை விடவே முடியாதவர்களுக்கும் பைபாஸ் இணைப்பில் புண் வரும் ஆபத்து அதிகம். அவர்களுக்கு ஸ்லீவே மேல்.

ஆபரேஷன் எதற்கு, எடை குறைக்கும் ஊசியே போதாதா என்கிறீர்களா? அப்படி ஒரு ஊசி மருந்தான செமாகுளூடைட் ஆய்வில் 68 வாரத்தில் மொத்த எடையில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

அக்கா இப்போது இரண்டு தலையணை வைத்துத்தான் தூங்குகிறாள், இரவு அமில மாத்திரையும் தப்புவதில்லை. அடுத்த மாதம் எண்டாஸ்கோப்பி. அதைப் பார்த்துவிட்டு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதா என்று முடிவு செய்யலாம் என்கிறார் புது டாக்டர்.