ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட் ஆர்500எக்ஸ்1டி ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஆர்2 சப்வூஃபர்களும்: ஒரு மதிப்புரை

கார் ஆடியோ கடைக்குச் செல்பவர்கள், தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘இது எத்தனை வாட்?’ என்பதுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது எத்தனை ஓம்?’ என்பது; ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் தரும் தடையின் அளவு. ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட்டின் பிரைம் வரிசையைச் சேர்ந்த ஆர்500எக்ஸ்1டி மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபையரையும், அதே வரிசையின் ஆர்2 வகை 12 அங்குல சப்வூஃபர்கள் இரண்டையும் என் ஹோண்டா சிட்டியின் டிக்கியில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மிக நன்றாகப் பொருந்துகின்றன; ஆனால் சப்வூஃபரின் மாடல் எண்ணில் ‘டி’ என்ற எழுத்தை அடுத்து வரும் இலக்கத்தைப் பார்த்து வாங்கினால் மட்டுமே அவ்வாறு பொருந்தும்.

ஆம்ப்ளிஃபையரின் கணக்கு எளிமையானது. 4 ஓம் சுமை (இணைக்கும் சப்வூஃபர்களின் மொத்தத் தடை) கொடுத்தால் 300 வாட்டும், 2 ஓம் சுமை கொடுத்தால் 500 வாட்டும் தருகிறது. 2 ஓமுக்குக் கீழே இறங்க இதற்கு அனுமதி இல்லை. சப்வூஃபர் ஒவ்வொன்றும் தொடர்ச்சியாகத் தாங்கக்கூடியது 250 வாட். அட்டைப்பெட்டியில் பெரிதாகத் தெரியும் 500 என்ற எண் கணநேர உச்ச அளவு மட்டுமே, அதை வைத்து எதையும் கணக்கிடக் கூடாது. இந்த சப்வூஃபர் இரட்டை வாய்ஸ் காயில் (கோனை, அதாவது ஒலியெழுப்பும் கூம்பை, அசைக்கும் கம்பிச் சுருள்) கொண்டது. ஆர்2டி2-12 என்ற மாடலில் காயில் ஒவ்வொன்றும் 2 ஓம்; ஆர்2டி4-12 என்ற மாடலில் காயில் ஒவ்வொன்றும் 4 ஓம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதாலோ என்னவோ, நான் விசாரித்த கடைகளில் ஒன்றில் ‘எதை எடுத்தாலும் ஒன்றுதான் சார்’ என்றே சொன்னார்கள். ஒன்று அல்ல.

டி2 மாடலில் இரண்டு எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு சப்வூஃபரின் இரு காயில்களையும் தொடர் இணைப்பில் (சீரிஸ்) சேர்க்கும்போது ஒவ்வொன்றும் 4 ஓம் ஆகிறது. பிறகு அந்த இரண்டையும் பக்க இணைப்பில் (பேரலல்) ஆம்ப்ளிஃபையருடன் சேர்க்கும்போது மொத்தச் சுமை 2 ஓம் ஆகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையர் தன் முழு 500 வாட்டையும் தருகிறது, ஆளுக்கு 250 வாட் போகிறது, ஒரு வாட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டி4 மாடலில் இரண்டு எடுத்தாலோ, நான்கு காயில்களை வைத்து 2 ஓமைச் சமமாக எட்டவே வழியில்லை. முன்சொன்ன முறையிலேயே சேர்த்தால் 4 ஓம் கிடைக்கும். நான்கையும் பக்க இணைப்பில் போட்டால் 1 ஓம் ஆகிவிடும். ஒரே ஒரு சப்வூஃபர் போதும் என்பவருக்கு மட்டும் டி4 சரியான தேர்வு: அதன் இரு காயில்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் வந்துவிடும். ஆனால் அப்போது 250 வாட் தாங்கும் பொருளுக்கு 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் வாய்க்கிறது என்பதால் கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும் அளவை) குறைத்தே வைத்தாக வேண்டும்.

ஏற்கெனவே டி4 ஜோடியை வாங்கிவிட்டவர்கள் கவலைப்படத் தேவையில்லை. 500 வாட்டுக்கும் 300 வாட்டுக்கும் இடையே காதில் விழும் வேறுபாடு ஏறத்தாழ 2.2 டெசிபல்தான், கவனித்துக் கேட்டால் தெரியும், பாட்டில் மூழ்கிவிட்டால் மறந்துபோகும். 4 ஓமிலேயே விட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபையர் குளிர்ச்சியாகவும் ஓடும். அந்த 2.2 டெசிபலை மீட்பதற்காக 1 ஓமில் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. முதல் சில பாடல்கள் அட்டகாசமாகக் கேட்கும். பிறகு சூடேறி, பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையரை அணைக்கும். அது தொடர்ந்தால் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தைக் கையாளும் டிரான்சிஸ்டர்கள்) போய்விடும்.

இணைப்பு வேலையில் என் கவனம் அதிகம் சென்றது பிளஸ், மைனஸ் ஒழுங்கில்தான். தொடர் இணைப்பில் முதல் காயிலின் மைனஸ் முனை இரண்டாம் காயிலின் பிளஸ் முனைக்குச் செல்ல வேண்டும். இதில் ஒரு காயில் தலைகீழாகிவிட்டால் இரு காயில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால் கோன் அசையாது. ஆனால் மின்சாரம் மட்டும் பாய்ந்து காயிலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். சப்வூஃபர் முழுவதுமே மற்றதற்கு எதிராகத் திரும்பியிருந்தால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, இரண்டு இருந்தும் பேஸ் ஒல்லியாகக் கேட்கும். இதைக் கண்டுபிடிக்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்றே போதும்: ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய ஒயர்களில் பிளஸுக்குப் பிளஸ் என்று ஒரு கணம் தொட்டால் இரு கோன்களும் வெளிப்பக்கமாக நகர வேண்டும். அடுத்து மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அதே ஒயர் முனைகளைச் சோதிக்க வேண்டும். மீட்டர் காட்டுவது நேர்மின்தடை என்பதால் 2 ஓம் அமைப்பு 1.6 முதல் 1.9 வரை காட்டும், அது சரியே. 3.5-ஐ ஒட்டிக் காட்டினால் 4 ஓமில் இணைந்திருக்கிறது, 1-க்குக் கீழே காட்டினால் ஆம்ப்ளிஃபையருடன் சேர்க்கவே கூடாது. மலிவான மீட்டர்களின் ஊசிக் கம்பிகளுக்கே சிறிது மின்தடை உண்டு என்பதால், இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டும் அளவை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பல மோனோ ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கர் முனைகள் இரண்டு ஜோடி இருக்கும். அவற்றைத் தனித்தனி சேனல்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றிலும் 2 ஓம் சப்வூஃபர் ஒன்றைச் செருகுபவர்கள் உண்டு. உள்ளே அவை ஒரே முனைகள்தான். ஆகவே ஆம்ப்ளிஃபையர் காண்பது 1 ஓம்.

மின்சாரம் வரும் வழியில் மிச்சம் பிடிப்பது வீண். 500 வாட் வெளிவர வேண்டுமானால், இந்தக் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையரின் செயல்திறன் 80 சதவீதம் என்று கொண்டால், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். 4 கேஜ் (ஒயரின் தடிமன் அளவு) செம்பு ஒயர் இதற்குப் போதும். ‘4 கேஜ் கிட்’ என்று குறைந்த விலையில் விற்கப்படுபவை பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொண்டவை. அவற்றின் கடத்துதிறன் தூய செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒயரின் நுனியைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு படி தடிமனான கேஜுக்குச் செல்ல வேண்டும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் அது காப்பது ஆம்ப்ளிஃபையரை மட்டுமல்ல, பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் ஒயரையும்தான். எர்த் ஒயர் பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில், அதே தடிமனில், இயன்ற அளவு குட்டையாக அமைய வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளை பவர் ஒயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசென்றதால் ஆல்டர்னேட்டரின் சிணுங்கல் இல்லை.

கெயின் திருகு ஒலி கூட்டும் குமிழ் அன்று. சப்வூஃபர்களைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டை (பேஸை மட்டும் கூட்டும் வசதியை) அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் ஒலியளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளந்தேன். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எட்ட வேண்டிய எண் வரும்: 500 வாட், 2 ஓம் எனில் 31.6 வோல்ட். டி4 ஜோடிக்கு இது 34.6 ஆகும். இந்த எண்ணைத் தாண்டாமல் திருகை நிறுத்திவிட்டு, பேஸ் பூஸ்டை மறந்துவிட வேண்டும். 6 டெசிபல் பூஸ்ட் என்பது நான்கு மடங்கு வாட் கேட்பதாகும். அது ஆம்ப்ளிஃபையரிடம் இல்லாததால் அலையின் தலை வெட்டுப்பட்டு, காயில் கருகும் வழி திறக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை, 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், நடுவே தடுப்புடன், காற்றுப் புகாத மூடிய பெட்டி செய்யச் சொன்னேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டே போதும் என்ற ஆசாரியின் யோசனையை ஏற்கவில்லை. தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். தவிலின் இடந்தலையில் கோல் விழும்போது அந்த அடி வந்து நின்றுவிடுகிறது, இழுபடுவதில்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் சுரமும் இருக்கையின் வழியே தெளிவாக வந்து சேர்கிறது. அதற்கும் கீழே, மின்னணு இசையின் 30 ஹெர்ட்ஸ் பகுதியில், மூடிய பெட்டி சற்றுக் கையை விரிக்கிறது; அது வேண்டுபவர்கள் போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

குறை என்று சொன்னால், இரண்டு 12 அங்குலங்கள் சிட்டியின் டிக்கியில் ஒரு பெரிய சூட்கேஸுக்குக்கூட இடம் விடவில்லை. ஊருக்குக் குடும்பத்தோடு அடிக்கடி போய்வருபவர்கள் டி4 ஒன்றை மட்டும் வாங்கி, 2 ஓமில் இணைத்து, கெயினை 250 வாட்டுக்கான 22.4 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளலாம். ஜோடியைவிட ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், பாதி டிக்கி மிஞ்சும்.