கோபேயில் சக்கர நாற்காலியோடு ஒரு நாள்

என் கணவரின் ஊர் ஜப்பானில் உள்ள கோபே. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குப் போனால் பெரும்பாலும் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கித் திரும்பிவிடுவோம். மாமியாருக்கு முழங்கால் வலி முற்றி, வெளியே போவதென்றால் சக்கர நாற்காலி என்றாகிவிட்டது. அவரே இந்த முறை "துறைமுகம் பக்கம் போய்வரலாமா?" என்று கேட்டார். அதன் பிறகு பிள்ளைகளை வீட்டில் நிறுத்த முடியுமா?

சுமியோஷி நிலையத்தில் ஜேஆர் ரயில் ஏறினோம். இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னவளுக்குக் கட்டணம் இல்லை, பெரியவனுக்குப் பாதி. நுழைவாயில் ஊழியர் நாற்காலியைப் பார்த்ததும் எங்கே இறங்கப்போகிறோம் என்று கேட்டார். கோபே நிலையம் என்றோம். எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவு என்று உடனே அங்கே போனில் சொல்லிவிட்டார். பிறகு மடிப்புப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களோடு நடைமேடைக்கு வந்தார். ரயில் நின்றதும் இடைவெளியில் பலகையைப் போட்டு, நாற்காலியை உள்ளே ஏற்றி, தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். முன்பதிவு கேட்கவில்லை, தனிக் கட்டணமும் இல்லை.

சன்னோமியா வரும்போது சின்னவளுக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டும். எல்லோரும் இங்கேயே இறங்கிவிடலாம், யாராவது கை கொடுப்பார்கள் என்றேன் நான். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்கே ஒருத்தர் பலகையோடு காத்துக்கொண்டிருப்பாரே!" கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், மற்ற மூவரும் பயணத்தைத் தொடர்ந்தோம். கோபேயில் கதவு திறந்தபோது சரியாக அதற்கு நேரே ஒருவர் பலகையோடு நின்றார். இந்த ஊர்ச் சேவையில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது முழுக்க நாம் முன்கூட்டிச் சொன்ன திட்டத்தின் மேல்தான் ஓடுகிறது. பாதி வழியில் யோசனையை மாற்றும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

நிலையத்திலிருந்து துறைமுகக் கரையில் கடைகள் நிறைந்த ஹார்பர்லேண்டுக்கு நிலத்தடிக் கடைவீதி வழியாகவே போய்விடலாம், லிப்ட் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கான கழிப்பறையும் விசாலம், கைப்பிடி, அவசர பட்டன் எல்லாம் உண்டு. சாப்பாடுதான் சோதனை. நான் சைவம். நூடுல்ஸ் கடையில் கறி, மீன் வேண்டாம் என்றதும் பணிப்பெண் சமையலறைக்குப் போய் விசாரித்து வந்தார். குழம்புக்கு அடிப்படையான தாஷி சாற்றிலேயே கட்சுவோ மீன் இருக்கிறது, தனியாகச் செய்ய முடியாது என்று பலமுறை மன்னிப்புக் கேட்டார். ஒவ்வாமை அட்டவணையை நம்பியும் பயனில்லை. முட்டை, பால், கோதுமை, இறால் எல்லாம் அதில் இருக்கும், கட்சுவோ இருக்காது. எனக்கு வெறும் சோறும் ஊறுகாயும்தான் கிடைத்தன. மலையோரக் கித்தானோ பகுதி வரை போக முடிந்தால் கவலையில்லை. முத்து வியாபாரத்துக்காக வந்து தங்கிய குஜராத்திகள் 1985இல் கட்டிய ஜைனக் கோயில் அங்கே இருக்கிறது, இந்திய உணவகங்களும் உண்டு. ஆனால் அந்த ஏற்றத்தில் நாற்காலியை யார் தள்ளுவது?

கணவரும் மகளும் வந்து சேர்ந்ததும் கரையோரமாக மெரிக்கன் பூங்காவுக்கு நடந்தோம். தரை சமதளம், பெரியவனே பாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். உடுக்கையை நிமிர்த்தி வைத்ததுபோல் சிவப்பாக நிற்கும் போர்ட் டவர் 1963இல் கட்டியது, 108 மீட்டர். பழுதுபார்த்து 2024இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு கணவர் மேலே போக, நான் மாமியாரோடு நிலநடுக்க நினைவிடத்துக்குப் போனேன். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்கு வந்த அதிர்வில் உடைந்த துறைமேடையில் 60 மீட்டரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பங்கள் இன்னும் சாய்ந்தே நிற்கின்றன. இறந்தவர்கள் 6,400க்கும் மேல். மாமியார் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தண்ணீர் வராத நாட்களில் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை மட்டும் சொன்னார், "முழங்கால் அப்போதே போயிருக்கும்" என்று சிரித்தார்.

திரும்பும்போது டாக்சி. அங்கு உயரமான கூரையுள்ள புதிய வண்டிகளில் நாற்காலியோடேயே ஏறலாம், சாய்தளமும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வரிசையில் முதலில் நின்றவர் அதைப் பொருத்த நேரமாகும் என்று பின்னால் இருந்த வண்டியைக் கை காட்டிவிட்டார். அந்த ஓட்டுநர் முணுமுணுக்காமல் இறங்கி, பலகையைப் பொருத்தி, நாற்காலியைப் பட்டையால் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மீட்டரைப் போட்டது அதற்குப் பிறகுதான். நாற்காலியோடு போகிறவர்கள் போனிலேயே அதைச் சொல்லி டாக்சியை வரச்சொல்வது நல்லது.