தெற்குத் தீவில் காரா, பஸ்ஸா?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஓட்டிப் பழகிய சேலத்துக்காரரை நியூசிலாந்தின் தெற்குத் தீவு பெரிதாக மிரட்டிவிடாது. அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வாடகைக் கார் என்றால், பிடித்த ஏரிக்கரையில் நிறுத்திக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். ஒற்றை வழிப் பாலங்களில் மட்டும் கவனம். பலகையில் சிறிய சிவப்பு அம்பு நம் திசையைக் காட்டினால், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். அந்தப் பாலங்களில் மலையேறும் வண்டிக்கே முதல் வழி என்ற நம் வழக்கத்தை நம்பாமல், பலகை சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

குவீன்ஸ்டவுன் நகரிலிருந்து, மலைகளுக்கிடையே கடல் நுழையும் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு மட்டும் நான் பஸ்தான் என்பேன். ஒரு வழியே ஏறத்தாழ 290 கி.மீ. அதிலும் ஜூலையில் அங்கே குளிர்காலம். பனியில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிய அனுபவம் நமக்கு ஏது? திரும்பும்போது ஜன்னலில் சாய்ந்து தூங்கவும் செய்யலாம்.