12-ஆம் நம்பர் கார் பிரமாதம், ஹெல்மெட்தான் சொதப்பல்

ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர், பிரேசில்காரர் அயர்டன் சென்னா. சென்னா சென்னா என்று உயிரை விடுகிறவன் அலமாரியில் அவர் 1988-ல் ஓட்டிய மெக்லாரன் எம்பி4/4 கார் இல்லையா என்று கேட்டுக் கேட்டு நண்பர்கள் அலுத்துவிட்டார்கள். போன மாதம் ஒருவழியாக 1:18 அளவு (அசலில் பதினெட்டில் ஒரு பங்கு) டைகாஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்த மாடலை வாங்கிவிட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கையில் எடுத்தால் நல்ல கனம். அசல் காரில் ஓட்டுநர் கிட்டத்தட்ட படுத்துக்கொண்டுதான் ஓட்டுவார், அவ்வளவு தாழ்வு. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தத் தாழ்வு அப்படியே வந்திருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் ஹோண்டா வி6 டர்போ, குழாய்களோடும் ஒயர்களோடும். வெறும் 1.5 லிட்டர் இன்ஜின், முழுப் பந்தயத்துக்கும் 150 லிட்டர் பெட்ரோல்தான் என்று விதி, அதை வைத்துக்கொண்டு 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் ஜெயித்தது! சீட் பெல்ட் துணியிலேயே இருக்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வயசு என்ன என்று கேட்காதீர்கள்.

சிகரெட் விளம்பரம் இருந்த இடமெல்லாம் வெறும் சிவப்பும் வெள்ளையுமாக விட்டிருக்கிறார்கள். அது எதிர்பார்த்ததுதான், பெரும்பாலான மாடல்கள் இப்படித்தான் வருகின்றன. வேண்டுமென்பவர்கள் தனியாக ஸ்டிக்கர் வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிக்கொள்வார்கள். வலது பக்கக் கண்ணாடி, பெட்டியைத் திறக்கும்போதே கழன்று கிடந்தது, ஒரு சொட்டுப் பசையில் சரியாகிவிட்டது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

உள்ளே உட்கார்ந்திருக்கும் சென்னா பொம்மையின் ஹெல்மெட்தான் விஷயம். சென்னாவின் மஞ்சள் ஒரு கெட்டியான, சூடான மஞ்சள், பிரேசில் கொடியில் இருப்பது மாதிரி. இவர்கள் அடித்திருப்பது எலுமிச்சைத் தோல் நிறம். போதாததற்குப் பச்சைப் பட்டை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, பின்னால் இரண்டு முனையும் சேராமல் நிற்கிறது. நீலப் பட்டையாவது நேராக இருக்கிறது, புண்ணியம். பொம்மை ஹெல்மெட்டுக்கு இவ்வளவு அலட்டலா என்றால், ஆமாம். அந்த வருஷம் இரண்டு மெக்லாரனும் அச்சு அசல் ஒன்றுதான், 11 அதே அணியின் இன்னொரு வீரர் ப்ராஸ்ட், 12 சென்னா. டிவியில் நம்பர் எங்கே தெரியும்? மஞ்சள் தலை தெரிந்தால் நம்ம ஆள், அவ்வளவுதான். மொனாக்கோ தகுதிச் சுற்றில் அதே காரில் ப்ராஸ்டை விட 1.4 விநாடி முன்னால் வந்தாரே, அந்த 1.4 விநாடி காரில் இல்லை, அந்தத் தலைக்குள் இருந்தது. (பந்தயத்தன்று ஏறக்குறைய 50 விநாடி முன்னிலையில் இருந்துவிட்டு, யாரும் துரத்தாமலேயே போய்ச் சுவரில் இடித்தார். அதுவும் அதே தலைதான்.) ஜப்பானின் சுசுகாவில் முதலிடத்தில் நின்ற கார் புறப்படாமல் அணைந்து, 14-ஆம் இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி உலக சாம்பியன் பட்டத்தை எடுத்த அன்று, கூட்டத்துக்குள் நான் தேடிக்கொண்டிருந்ததும் அந்த மஞ்சளைத்தான்.

சரி, புலம்பி என்ன பயன் என்று தூரிகையை எடுத்தேன். மஞ்சளை நேரடியாக அடித்தால் அடிநிறம் தெரியும், அதனால் முதலில் வெள்ளை, அது காய்ந்த பிறகு மெல்லிசாக மூன்று பூச்சு மஞ்சள். அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்துப் பச்சைப் பட்டை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கை கொஞ்சம் நடுங்கிய இடம் இடதுபக்கம் தெரிகிறது, ஆனாலும் இப்போது அறை வாசலில் நின்று பார்த்தால் உட்கார்ந்திருப்பது அவர்தான்.

தூரிகை பிடிக்கத் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம். பெட்டியைத் திறந்ததும் அலமாரியில் வைக்க நினைப்பவர்கள் வேறு கம்பெனி பாருங்கள். இதே ஆட்கள் சென்னா கடைசியாக ஓட்டிய 1994 வில்லியம்ஸ் காரும் விற்கிறார்கள். எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அதை நான் வாங்க மாட்டேன், அவர் உயிரைப் பறித்த இமோலா பந்தயத்தை வீட்டுக்குள் கொண்டுவர மனசில்லை.

ப்ராஸ்டின் 11-ஆம் நம்பரும் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஹெல்மெட்டில் ஒரு கோடு பிசகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.