தத்தெடுத்த பால் பைத்தானும் சென்னைத் தட்பவெப்பமும்: ஒரு நீண்டகால அனுபவம்

வெளிநாட்டில் குடியேறிய ஒருவர் விட்டுச்சென்ற பால் பைத்தான் (Ball Python, அஞ்சினால் பந்தாகச் சுருளும் சிறிய மலைப்பாம்பு) ஒன்றை 2022-இல் மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டோம். ஒளிந்துகொள்ள ஓர் இடுக்குகூட இல்லாத மீன்தொட்டியில், அரைகுறையாக உரிந்த சட்டையோடும், செதில்களுக்கிடையே மிளகுப்பொடி தூவியதைப்போல அப்பியிருந்த ஒட்டுண்ணிகளோடும் அது வந்து சேர்ந்தது. இப்போது நன்றாக இருக்கிறது. அது தேறிய விதத்தையும், அதற்காக வாங்கியவற்றில் எவை உண்மையில் பயன்பட்டன என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் சட்டம். சாரை, மண்ணுளி, நம் நாட்டு மலைப்பாம்பு முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று 2020-இல் மத்திய அரசு அறிவித்தது. 2024-இல் வந்த விதிகள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. முன்பு வளர்த்தவரிடம் ஆவணங்கள் இருந்ததால்தான் நாங்கள் சம்மதித்தோம். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்திவரப்படும் பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதை நாளிதழ்களில் அவ்வப்போது பார்க்கிறோம். காகிதமில்லாத பாம்பை, இரக்கப்பட்டுக்கூட, வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, குளிர்நாட்டவர் எழுதிய வளர்ப்புக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் பொருந்தும். கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருந்தால் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். அவர்களுக்குச் சூடான பக்கத்தை உருவாக்குவது கவலை. நமக்கோ மே மாதத்தில் குளிர்ந்த பக்கமே காணாமல் போய்விடுகிறது. மொட்டைமாடிக்குக் கீழே இருந்த அறையிலிருந்து தரைத்தள வடக்கு அறைக்குக் கூண்டை மாற்றி, கோடை நண்பகல்களில் ஏசியை 27-இல் ஓடவிட்டோம். ஏசி காற்றை உலர்த்திவிடுவதால் ஈரப்பதமானி இன்றியமையாதது. அறுபது விழுக்காட்டை ஒட்டி ஈரப்பதம் இருந்தால் சட்டை ஒரே உறையாக உரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். கூண்டின் தரைவிரிப்பு நசநசத்துக் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். தென்னை நார்த்தூள் நம் ஊரில் மலிவு, ஈரத்தையும் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் ஒட்டுண்ணிகள் முற்றிலும் ஒழியும்வரை வெறும் காகிதம்தான் விரித்தோம்.

வாங்கியவற்றுள் முதலிடம் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு. அது இல்லாத வெப்பப்பாய் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடக்கூடும். அடுத்து, உடல் உரசும் அளவுக்குக் குறுகலான இரண்டு மறைவிடங்கள். கடைக்காரர் பரிந்துரைத்த வண்ண விளக்கு வீண்செலவு. கொசு விரட்டும் திரவத்தையும் சுருளையும் அந்த அறையில் அறவே நிறுத்திவிட்டு, சன்னலுக்கு வலை அடித்தோம். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் ஊர்வனவற்றுக்குத் தீங்கானவை.

எங்களை மிகவும் சோதித்தது உணவு. புது இடத்துக்கு வந்த பால் பைத்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட, உண்ணாமல் இருப்பது இயல்பு என்று படித்திருந்தாலும், கண்ணெதிரே ஒரு உயிர் பட்டினி கிடக்கும்போது அந்த அறிவு மனத்துக்கு உதவுவதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "பால் வைத்துப் பார்த்தீர்களா?" என்றார்கள். வெள்ளிக்கிழமைப் புற்றுக்குப் பால் வார்க்கும் ஊரில் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் பால் பாம்பின் உணவன்று. ஊர்வன மருத்துவத்தில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவர், எடையைக் குறித்து வாருங்கள், பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மட்டும் பதறுங்கள் என்றார். அதனால் எடை பார்ப்பதற்குத் தவிர அதைத் தொடுவதையே நிறுத்தினோம். கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மறைத்தோம். உறையவைத்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியில் இளகவைத்து, வெந்நீரில் உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, இரவில் விளக்கணைத்த பின் நீண்ட இடுக்கியால் நீட்டினோம். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்புக்கு ஆறிப்போன எலி இரையாகவே தோன்றாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தை பிறப்பதற்குள் அது உண்ணத் தொடங்கிவிட்டது. எலிகளை எங்கே வைப்பது என்பது வேறு வழக்கு. "என் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அது வரக் கூடாது" என்று அம்மா தீர்ப்பளித்ததால் தனியாக ஒரு சிறிய ஃப்ரீசர் வாங்கினோம். மொத்தச் செலவில் அதுவே பெரியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டரும் ஓய்ந்தபின், துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு காற்றுத்துளையிட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் பாம்பை வைத்தோம். உடல் குளிர்ந்திருக்கும்போது பாம்புக்குச் செரிக்காது, கக்கிவிடும் என்பதால் மின்சாரம் வந்து கூண்டு மீண்டும் சூடேறும்வரை இரை தரவில்லை.

இப்போது கையில் எடுத்தால் பந்தாகச் சுருளாமல் மெல்ல ஊர்கிறது. எலி வாடை இருந்தால் கையையே இரையென்று கவ்வலாம் என்பதால் எடுக்குமுன்பும், சால்மோனெல்லா கிருமிக்கு அஞ்சி எடுத்தபின்பும் சோப்பால் கை கழுவுகிறோம். இரை தின்ற இரண்டு நாள்களுக்கு எடுப்பதே இல்லை. கொஞ்சும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற விலங்கன்று, பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள்கூட வாழும். நாயைப்போல அன்றாடக் கவனிப்பும் கேட்பதில்லை. பொங்கலுக்கு நான்கைந்து நாள் ஊருக்குப் போனால், பெரிய கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிவிட்டுச் செல்கிறோம். எதிர்வீட்டு அக்கா சன்னல் வழியாக வெப்பமானியைப் பார்த்து அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அறைக்குள் நுழைய மட்டும் இன்றுவரை சம்மதிக்கவில்லை.