நான்கு வருடம் வேலைக்குச் சைக்கிளில்: பணம் மிஞ்சியது எப்போது?

வேலைக்குப் போய்வர 14 கிலோமீட்டர். வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 2,800 கிலோமீட்டர். என் பைக் லிட்டருக்கு 45 கொடுக்கும்; அப்படியானால் 62 லிட்டர் பெட்ரோல் மிச்சம். இந்தக் காசிலேயே சைக்கிளின் விலை திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

முதல் இரண்டு வருடம் கையில் எதுவும் நிற்கவில்லை. மிஞ்சியதை எல்லாம் நிறுத்தி வைத்திருந்த பைக் தின்றது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விற்காமல் வைத்திருந்தேன். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ் அதேதான். ஒருநாள் நிஜமாகவே அவசரம் வந்தது. செல்ஃபை அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். வாரக்கணக்கில் நின்றதில் பேட்டரி செத்திருந்தது. அந்த அவசரத்துக்கும் சைக்கிளில்தான் போனேன். அப்புறம் புது பேட்டரிக்கும் செலவழித்தேன்.

சைக்கிளிலும் ஒரு தண்டச் செலவு, அது என் சோம்பேறித்தனத்தால். செயினில் மண்ணும் பழைய எண்ணெயும் சேர்ந்து கறுப்புப் பசையாக அப்பியிருக்கும். துடைக்காமல் அதன் மேலேயே எண்ணெய் விடுவேன். 5,600 கிலோமீட்டர் வாக்கில், மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் டக்கென்று பல் தாண்டத் தொடங்கியது. புதுச் செயின் மாட்டியும் நிற்கவில்லை. பழைய செயின், ப்ரீவீல் (பின் சக்கரத்தில் இருக்கும் பல் சக்கரம்) பற்களைக் கொக்கி மாதிரி தேய்த்து வைத்திருந்தது. கடைசியில் முன்னால் இருக்கும் பல் சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அதுவரை டயர், டியூப், பிரேக் கட்டை, பஞ்சர் எல்லாவற்றுக்கும் ஆன செலவைவிட அந்த ஒரு பில் பெரிது.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் 'பின்' என்ற சிறு ஆணியும் அது சுழலும் இடமும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. இப்போது மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன். ஒரு பின்னின் நடுவில் 0 வைத்தால், அதற்கடுத்த 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போனால் செயினை மட்டும் மாற்றிவிடுவேன். ப்ரீவீல் தப்பித்துவிடும்.

பூட்டு, விளக்கு, மழைக்கோட்டு, பம்பு எல்லாம் முதல் சில மாதங்களோடு முடிந்துவிட்டன. பசி மட்டும் முடியவில்லை. அதை நான் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பைக்கை விற்றேன். சைக்கிள் உண்மையில் லாபமானது அன்றுதான். இன்சூரன்ஸ், சர்வீஸ் இரண்டும் ஒரேயடியாகப் போய்விட்டன. கொட்டும் மழையில் வாடகை வண்டி பிடிப்பேன், வருடத்துக்கு ஒரு பதினைந்து தடவை இருக்கும். அதையெல்லாம் கூட்டினாலும் பைக்குக்கு ஆன செலவில் பாதி வரவில்லை.

பஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பாஸ் எடுத்த பிறகு சில நாள் சைக்கிளில் போனால் அந்தப் பணம் திரும்பியா வரும்? நண்பர் ஒருவர் அப்படித்தான்: வாரம் மூன்று நாள் சைக்கிள், பையில் மாதப் பாஸ். உடம்புக்கு நல்லது என்பார். சரி, எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்.