வேகம் என்று சொல்லி வெந்த குழலை விற்றார்கள்

டெக்சாஸில் பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள், அதிலும் 264 வின்செஸ்டர் மேக்னம் போன்ற அதிவேகத் தோட்டாவில் மயங்கிப்போயிருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,600 டாலர் போனது. ஒரு மானும் வீணாகப் போனது. பணத்தைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மான் வேட்டையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இங்கே உரிமம் வாங்கி, பருவகாலத்தில், அனுமதித்த எண்ணிக்கைக்குள் சுடுவது சட்டப்படி சரி. பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் சண்டைக்கு வரவில்லை.

என் அலுவலகத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். நாங்குநேரிப் பக்கம். இருபது வருடங்களாக இங்கே வேட்டைக்குப் போகிறவர். லானோ அருகே ஒரு பண்ணையில் நண்பர்களோடு சேர்ந்து குத்தகைக்கு இடம் எடுத்திருந்தார். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. மான் வேட்டை என்றால் யாராவது ஒரு பண்ணைக்காரருக்குக் குத்தகைப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் விலகியதால் எனக்கு இடம் கிடைத்தது. "தம்பி, துப்பாக்கி வாங்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று அண்ணாச்சி இரண்டு முறை சொன்னார். நான்கு மாதம் இரவெல்லாம் படித்துவிட்ட மிதப்பில் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

படித்ததில் தலைக்கு ஏறியது ஒன்றுதான்: தாழாமல் போகும் குண்டு. குழலை விட்டு வெளியேறிய கணமே எந்தக் குண்டும் கீழே விழத் தொடங்கிவிடுகிறது. வேகமாகப் போனால் விழுவதற்கு நேரம் குறைவு, அவ்வளவுதான் ரகசியம். 1925இல் வந்த 270 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 130 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டையும் மருந்தையும் நிறுக்கும் எடையளவு) குண்டு வினாடிக்கு 3,060 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கெஜத்தில் சரியாக விழும்படி தொலைநோக்கியைத் திருகி வைத்திருந்தால் 300 கெஜத்தில் ஆறேழு அங்குலமும், 400 கெஜத்தில் ஏறத்தாழ 20 அங்குலமும் தாழ்கிறது. அதைவிட வேகமானது வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. வேட்டையாடப் போகும் இடத்தில் மான் எத்தனை கெஜத்தில் நிற்கும் என்று அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கடைக்குப் போய் நான் கேட்ட முதல் கேள்வியே என்னைக் காட்டிக்கொடுத்தது. "உங்களிடம் இருப்பதில் எது அதிக வேகம்?" என்றேன். விற்பனையாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு 264 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கியை எடுத்து வந்தார். 140 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 3,200 அடியில் போகும், 300 கெஜம் வரை குறியை மாற்றவே வேண்டாம், முந்தைய உரிமையாளர் இரண்டு பெட்டித் தோட்டாகூடச் சுடவில்லை என்றார். தோளில் அணைக்கும் கட்டை வால்நட் மரம், மெருகு பளபளத்தது. மாடு வாங்கப் போனவன் பல்லைப் பார்க்காமல் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்துவிட்டு வந்ததுபோல நான் அந்த மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். குழலுக்குள் கண்ணை வைக்கவில்லை.

துப்பாக்கி 1,050 டாலர். தொலைநோக்கியும் அதைப் பொருத்திய கூலியும் 390. தோட்டா இரண்டு பெட்டி 160. ஒரு பெட்டியில் 20தான். இந்தத் தோட்டாவை இப்போது எல்லாக் கடைகளும் வாங்கி வைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, ரசீது வந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில், பழைய பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே விற்கப்படுகிறது என்று இருந்தது. (நான் பச்சை அட்டைக்காரன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் கடைக்காரர் பேச்சை நம்பி இறங்காதீர்கள்.)

சுடுதளத்தில் 100 கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டேன். தாளில் ஐந்து அங்குலத்துக்குச் சிதறிக் கிடந்தன. கடைக்குத் தொலைபேசினேன். "மேக்னம் உதைக்கும். புதியவர்கள் பயந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். பழகினால் சரியாகிவிடும்" என்று சிரித்தபடி பதில் வந்தது. இந்த ஒரு பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விலையில் ஏமாற்றுவது ஒரு ரகம். பொருளின் குற்றத்தை வாங்கியவனின் தோளில் ஏற்றுவது வேறு ரகம். நான் அதை நம்பினேன். இன்னும் பத்துத் தோட்டாக்களைத் தீர்த்து, குறி ஓரளவு நடுவில் விழுவதுபோல் தோன்றியதும் பையைக் கட்டினேன். அதற்கு மேல் சுட்டுப் பார்க்கத் தோட்டாவின் விலை விடவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை பருவம் தொடங்கியது. பரணில் ஏறி உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: மானை வரவழைக்க மக்காச்சோளம் தூவும் பெட்டி இருக்கும் இடம் 110 கெஜம். அதற்கு அப்பால் ஓக் மரங்களும் புதர்களும். 300 கெஜம் பார்வை போகும் இடமே அந்தப் பண்ணையில் இல்லை. அந்தத் தொலைவில் 1895 முதல் விற்கும் 30-30 தோட்டாவுக்கும் என் மேக்னத்துக்கும் குண்டு தாழ்வதில் இருக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம் இருந்தால் அதிகம்.

மாலையில் ஒரு கிடா மான் வந்து பக்கவாட்டில் நின்றது. முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் குறி வைத்து, மூச்சை விட்டு, நிதானமாகத்தான் சுட்டேன். குண்டு வயிற்றில் விழுந்தது. மான் கூனிக்கொண்டு புதருக்குள் ஓடியது. கைவிளக்கோடு நானும் அண்ணாச்சியும் இரவு பதினொரு மணி வரை ரத்தச் சுவட்டைத் தேடினோம். காயம்பட்ட விலங்கை எடுக்க முயற்சி செய்ய வேண்டும் என்று டெக்சாஸ் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் தேடியிருப்போம். காலையில் ஓடைக்கரையில் கிடைத்தது. நரி போன்ற கயோட்டிகள் முந்திக்கொண்டுவிட்டன. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

மறுவாரம் என் துப்பாக்கியை அவரே மணல்மூட்டையில் வைத்துச் சுட்டார். ஐந்து அங்குலம். அவருடைய பழைய 270ஐ என்னிடம் கொடுத்துச் சுடச் சொன்னார். ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. "உன் தோளில் குறையில்லை, தம்பி" என்றார். அவருடைய வேகமானியை வைத்து அளந்தோம். என் 264 வினாடிக்கு 2,810 அடி. அவருடைய 270 வினாடிக்கு 3,020 அடி. அதிவேகம் என்று வாங்கியது, அவர் இருபது வருடம் தேய்த்த துப்பாக்கியைவிட மெதுவாகச் சுட்டுக்கொண்டிருந்தது.

பிறகு குழலை அளந்தோம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, குழலின் அடிப்பக்கத்தை மூடும் அடைப்பானை மூடி, துடைக்கும் கம்பியை முனை வழியாக அடிவரை விட்டு, முனையில் கம்பியில் ஓர் அடையாளம் போட்டு, வெளியே எடுத்து அளந்தால் போதும். 22 அங்குலம். இந்தத் தோட்டா 1959 வாக்கில் வந்தபோது வின்செஸ்டர் அதற்கு 26 அங்குலக் குழல் வைத்தது சும்மா இல்லை. அவ்வளவு மெதுவாக எரியும் வெடிமருந்து முழுவதும் வேலை செய்ய அந்த நீளம் வேண்டும். என் துப்பாக்கியின் குழலை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்த 3,200 அடியும் ஆரம்பகால விளம்பரக் கணக்கு. ஆலையே பிற்பாடு 140 கிரெய்ன் குண்டுக்கு 3,030 என்று இறக்கிக்கொண்டது. 1962இல் ரெமிங்டன் நிறுவனத்தின் 7 மிமீ மேக்னம் வந்ததும் வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

கடைசியில் கைபேசியில் செருகும் குழல் கேமராவை உள்ளே விட்டார். தோட்டா இருக்கும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்கிறார்கள். அது சித்திரை மாதத்து ஏரிபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பள்ளங்களின் விளிம்பே முதல் சில அங்குலங்களுக்கு இல்லை. 60 கிரெய்னுக்கு மேல் மருந்து ஆறரை மில்லிமீட்டர்த் துளை வழியாகத் தீயாகப் பாய்ந்தால் முதலில் வேகிற இடம் அதுதான். குழல் ஆறுவதற்கு விடாமல் சுட்டால் இன்னும் சீக்கிரம் வேகும். குண்டு பிடிமானம் இல்லாமல் கொஞ்ச தூரம் போய், கோணலாகப் பள்ளத்தில் ஏறுகிறது. பிறகு எங்கே விழும் என்று அதற்கே தெரியாது. இரண்டு பெட்டிச் சூட்டில் ஒரு தொண்டை இந்த கதிக்கு வராது. அண்ணாச்சி படத்தை ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவருக்கு அனுப்பினார். "குழலை எறிந்துவிடுங்கள்" என்று ஒற்றை வரி பதில் வந்தது.

படத்தையும் அளவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்றவர் கேமராப் படத்தைப் பார்க்க மறுத்தார். இரண்டு பெட்டி என்று தான் சொல்லவே இல்லை என்றார். ரசீதில் அந்தப் பேச்சு இல்லை. பொடி எழுத்து மட்டும் இருக்கிறது. நான்காவது கேள்விக்கு அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அதிவேகத் தோட்டாவே மோசம் என்று நான் சொல்லவில்லை. வயோமிங்கின் வெட்டவெளியில் மியூல் மானைச் சுடப் போகிறவருக்கு 300 கெஜம் அன்றாடக் கணக்கு. அவர் ஒரு 7 மிமீ மேக்னத்தைப் புதிதாக, முழு நீளக் குழலோடு வாங்கினால் பணம் வீணில்லை. லானோவின் புதர்க்காட்டுக்கு 270ஓ, 243ஓ, உதை குறைந்த 6.5 கிரீட்மோரோ தாராளம். அவற்றுக்குத் தோட்டா எந்த ஊரிலும் கிடைக்கும், அதனால் பழகிச் சுடவும் கை கூசாது. பழையது வாங்கினால் கேமராவை விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கதவு எங்கே என்று பாருங்கள். எத்தனை குண்டு சுட்டது என்று வாயால் சொன்னால், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

போன மாதம் கடையிலிருந்தே அழைப்பு வந்தது. பெரிய மனது பண்ணி 350 டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். கொடுத்தால் மறுநாளே மெருகு போட்டு அதே பின்வரிசையில் மாட்டிவிடுவார்கள். அடுத்து யாராவது ஒருவர் போய் எது அதிக வேகம் என்று கேட்பார். நான் கொடுக்கவில்லை. அதே துப்பாக்கிக்கு 7 மிமீ மேக்னம் குழல் மாற்ற 700 டாலரும் நான்கு மாதமும் ஆகும் என்று பழுதுபார்ப்பவர் சொல்லியிருக்கிறார். அதுவரை அண்ணாச்சியின் 270தான்.